ஆயில்யத்துக்கு பயந்து 37 வாரத்துல சிசேரியனா?

கொங்கு பக்கத்துல இருந்து ஒரு வாசகி, டாக்டரான எனக்கு நீளமா எழுதியிருக்காங்க. பேரு ஊரு போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, அதனால ஆள் தெரியற மாதிரி இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன்.

வயசு 28, பேங்க்ல வேலை. மொத பிரசவம், இப்ப 35 வாரம். சுகர் இல்ல, பிபி இல்ல, குழந்தை தலை கீழ இருக்கு, எடையும் சரியா இருக்கு. டாக்டரே "நார்மலுக்கு நல்ல சான்ஸ் இருக்கு"னு சொல்லியிருக்காங்க. ஏழாம் மாசத்துல மாமியார் ஒரு ஜோசியர்கிட்ட போயிருக்காங்க, அவரு ஸ்கேன்ல போட்டிருக்கற தேதியை பாத்துட்டு, "அது ஆயில்யத்துல வருது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, தள்ளி வச்சா கஷ்டம், முன்னாடியே எடுத்துருங்க"னு சொல்லி ஒரு நாள் குறிச்சு குடுத்திருக்காரு. 37 வாரம் 2 நாள், காலைல 4.40ல இருந்து 5.40க்குள்ள. வீட்டுக்காரர் பெங்களூர்ல சாஃப்ட்வேர் இன்ஜினியர், அவரு ஒரு ஆப்ல அதே நேரத்தை போட்டு பாத்து "ஜாதகம் சூப்பரா வருது"னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்காரு. ஆஸ்பத்திரில கேட்டதுக்கு "இப்ப எல்லாரும் கேக்கறாங்க, பண்ணிக்கலாம்"னு சொல்லிட்டாங்களாம்.

இவங்க கேக்கறது: "37 வாரம்னா முழு மாசம்தானே மேடம், அப்பறம் என்ன பிரச்சனை? வீட்டுக்காரர் கையெழுத்து போட்டா நான் வேண்டாம்னு சொல்ல முடியுமா? நான் அடம் புடிச்சு, நாளைக்கு அத்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆயுசுக்கும் என்னைத்தானே சொல்லுவாங்க? உண்மைய சொன்னா எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

அந்த கடைசி வரியை எழுதினீங்க பாருங்க, அதுக்காகவே உங்களுக்கு வெவரமா பதில் சொல்லணும்னு தோணுச்சு ம்மா. பயமா இருக்குன்னு சொல்றதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பத்து மாசம் சொமக்கற நேரத்துல யாரு எதை சொன்னாலும் மனசுல தைக்கும். அது முட்டாள்தனம் இல்ல. ஆனா அந்த பயத்தை வச்சு உங்க வயித்துல கத்தி வைக்கலாமாங்கறது தனி கேள்வி, அதைத்தான் இப்ப பாக்கணும்.

மொதல்ல அந்த கணக்கையே பாப்போம்

ஸ்கேன் ரிப்போர்ட்ல இருக்கற தேதி குழந்தை பொறக்கற தேதி இல்லம்மா. 40 வாரம் முடியற நாள், அவ்வளவுதான். அந்த தேதில கரெக்டா பொறக்கற குழந்தை நூத்துக்கு அஞ்சு கூட தேறாது. மத்ததெல்லாம் முன்ன பின்ன, பெரும்பாலும் 37க்கும் 41க்கும் நடுவுல. இந்த நாலு வாரம் எத்தன நாளு? 28. சந்திரன் 27 நட்சத்திரத்தையும் ஒரு ரவுண்டு சுத்தி வர எத்தன நாளு? 27 நாளும் கொஞ்சமும். அப்படின்னா உங்க குழந்தை தானா பொறக்கற மாதிரி விட்டா அஸ்வினில இருந்து ரேவதி வரைக்கும் எல்லா நட்சத்திரமும் அந்த 28 நாளுக்குள்ள ஒரு தடவை வந்து போகும், அதுல ஆயில்யம் ஒரே ஒரு நாள். ஜோசியர் சொன்ன கணக்கு ஜோசியப்படியே நிக்கல. தேதியை சாமி குறிச்ச மாதிரி எடுத்துக்கிட்டு, அதுல இருந்து தப்பிக்க ஒரு வழி சொல்லியிருக்காரு, வழி எது, ஆபரேஷன்.

உங்க வீட்டுக்காரர் இன்ஜினியர்ங்கறதால அவருகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்க சொல்லுவேன். அந்த ஆப் எந்த பஞ்சாங்கம்? பழைய சூத்திரத்தை வச்சு கணிக்கற வாக்கியமா, இப்ப உள்ள வானியல் கணக்கை வச்சு கணிக்கற திருக்கணிதமா? ரெண்டுக்கும் நட்சத்திரம் முடியற நேரத்துல சில மணி நேரம் வரைக்கும் வித்தியாசம் வரும். சனிப்பெயர்ச்சியையே எடுத்துக்கோங்க, திருக்கணிதப்படி 2025 மார்ச் 29ல நடந்துருச்சு, திருநள்ளாறு கோயில்ல வாக்கியப்படி 2026லதான்னு அறிவிச்சாங்க. சனி எங்க இருக்காருங்கறதுலயே ஒரு வருஷம் வித்தியாசம் இருக்கறப்ப 4.40க்கும் 5.40க்கும் நடுவுல நம்ம குழந்தை தலையெழுத்து மாறுதுன்னு எப்படி சொல்றது? அப்பறம் எதை பொறந்த நேரம்னு வைக்கறது, தலை வெளிய வந்ததா, மொத அழுகையா, கொடி அறுத்ததா? இதுலயும் ஜோசியருக்கு ஜோசியர் பதில் வேற.

ஜோசியத்தை நம்ம நாட்டுலயே டெஸ்ட் பண்ணியும் பாத்திருக்காங்க. புனேல வானியல் விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர், நரேந்திர தாபோல்கரோட மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்புக்காரங்க உதவியோட 200 ஜாதகம் சேர்த்தாரு. பாதி நல்லா படிக்கற பசங்களோடது, பாதி மன வளர்ச்சி குறைவான பசங்களோடது. கலந்து ஜோசியர்களுக்கு அனுப்பி, எது எது எந்த வகைன்னு பிரிச்சு குடுங்கன்னு கேட்டாங்க. 27 பேரு பதில் அனுப்பினாங்க, ஆளுக்கு 40 ஜாதகம். சராசரியா 46 சதவீதம் சரி. காசு சுண்டி போட்டு பாத்திருந்தாலே 50 வந்திருக்கும். 2009ல கட்டுரையாவே வந்துச்சு. தாபோல்கரும் ஒரு டாக்டர்தான், 2013ல அவரை நடுரோட்ல சுட்டு கொன்னுட்டாங்க. இது உங்க கேள்விக்கு சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியலாம், ஆனா இந்த நாட்டுல "ஏன்"னு கேக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சா, உங்க வீட்டு ஹால்ல உக்காந்து கேக்கறதுக்கு நீங்க ஏன் தயங்கறீங்கன்னும் புரியும்.

37 வாரம் முழு மாசமா?

இதுதான் உங்க லெட்டர்ல இருக்கற பெரிய தப்பான எண்ணம், உங்க மேல தப்பில்ல, ஒரு காலத்துல நாங்களே அப்படித்தான் சொல்லிட்டு இருந்தோம். 37ல இருந்து 38 வாரம் 6 நாள் வரைக்கும் இப்ப "முன்கூட்டிய" கணக்குலதான் வைக்கறோம். 39 தாண்டினாத்தான் முழு மாசம். தானா வலி வந்து 37ல பொறந்தா அது வேற, அந்த குழந்தை பெரும்பாலும் நல்லாவே இருக்கும். வலியே வராம நாமளா வெட்டி எடுக்கறது வேற.

ஏன்னு சொல்றேன். வயித்துக்குள்ள இருக்கறப்ப குழந்தையோட நுரையீரல் முழுக்க தண்ணி மாதிரி ஒரு திரவம் இருக்கும். பிரசவ வலி ஆரம்பிச்சதும் குழந்தை உடம்புல அட்ரினலின், கார்டிசால் எல்லாம் ஏறி, அதுவரைக்கும் தண்ணி சுரந்துட்டு இருந்த நுரையீரல் அதை உறிஞ்ச ஆரம்பிக்கும். வெளிய வந்து மொத மூச்சு இழுக்கறதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிருக்கும். வலியே இல்லாம எடுக்கற குழந்தைக்கு அந்த அறிவிப்பே போய் சேரல, நுரையீரல் தண்ணியோட வெளிய வருது. அதான் வேக வேகமா மூச்சு வாங்கும், சில குழந்தைக்கு ஆக்சிஜன் வைக்கணும், சிலதை என்ஐசியூல, அதாவது பச்சக்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சை வார்டுல, போட வேண்டி வரும். 2008ல வந்த டென்மார்க் ஆய்வுல, முன்னாடியே தேதி குறிச்சு பண்ண சிசேரியன்ல மூச்சு பிரச்சனை வந்த குழந்தைங்க 37 வாரத்துல நூத்துக்கு 10, 38ல 5, 39ல 2. ரெண்டே வாரத்துல அஞ்சுல ஒரு பங்கா குறையுது. சாகற அளவுக்கு போறது ரொம்ப ரொம்ப கம்மிதான், பயமுறுத்தல. ஆனா மொத ரெண்டு நாளு குழந்தை உங்க மார்ல இல்லாம கண்ணாடி பொட்டிக்குள்ள இருந்தா பால் குடுக்கறதுல இருந்து எல்லாமே தள்ளி போகும், சர்க்கரை கொறையறது, மஞ்சள் காமாலை இதெல்லாமும் இந்த வாரக்கணக்கு குழந்தைங்களுக்கு கொஞ்சம் அதிகம்.

இன்னொண்ணு, 4.40 மணி. நைட் டியூட்டி முடியற நேரம். மயக்க டாக்டரை வீட்ல இருந்து எழுப்பி கூட்டிட்டு வரணும், குழந்தை டாக்டர் வந்தாரா, ரத்தம் வேணும்னா உடனே கிடைக்குமா, இதெல்லாம் பகல் பத்து மணிக்கு இருக்கற மாதிரி இருக்காது. எமர்ஜென்சின்னா எந்த நேரமா இருந்தாலும் ஓடி வருவோம், அது எங்க வேலை. எமர்ஜென்சியே இல்லாத ஒண்ணை ஆஸ்பத்திரிலயே ஆள் கம்மியா இருக்கற நேரத்துல வேணும்னே வைக்கறது எந்த ஊரு புத்தி? முதுகுல ஊசி போட்டதும் அம்மாவுக்கு பிபி இறங்கும், அப்ப சீக்கிரமா குழந்தையை எடுக்கணும், "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு"ன்னு சுவத்து கடிகாரத்தை பாத்துட்டு நிக்கற வேலை ஆபரேஷன் தியேட்டர்ல கூடாது.

உங்க உடம்புக்கு என்ன

சிசேரியன்னா வலி இல்லாம முடிஞ்சுரும்னு நெறய பேரு நெனைக்கறாங்க. வலி முன்னாடி வராம பின்னாடி வரும், அவ்வளவுதான். அது பெரிய வயித்து ஆபரேஷன். ரத்தப்போக்கு, இன்ஃபெக்ஷன், கால்ல ரத்தம் கட்டறது இதெல்லாம் நார்மலை விட கூடுதல். அதை விட நான் யோசிக்கறது உங்க ரெண்டாவது குழந்தையை. மொதல்ல வெட்டின தழும்பு மேல அடுத்த தடவை நஞ்சுக்கொடி போய் ஒட்டிக்கிட்டு பிரியாம போற வாய்ப்பு ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஏறிக்கிட்டே போகும், அந்த கேஸ்ல சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். மொத சிசேரியனுக்கு அப்பறம் நார்மலுக்கு முயற்சி பண்ணலாம், முயற்சி பண்றவங்கள்ல நூத்துக்கு 60ல இருந்து 80 பேருக்கு நல்லபடியா நடக்குது. ஆனா அதுக்கு 24 மணி நேரமும் டாக்டர் பக்கத்துல இருக்கணும்ங்கறதால நெறய ஆஸ்பத்திரில ஒத்துக்கறதில்ல. அதனால இன்னைக்கு ஒரு மணி நேர ஜாதகத்துக்காக எடுக்கற முடிவு அடுத்த பிரசவத்தையும் சேர்த்து முடிவு பண்ணிருது.

சிசேரியனே கெட்டதுன்னு சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. நஞ்சுக்கொடி வாசலை அடைச்சுக்கிட்டு இருந்தா, குழந்தை குறுக்க கிடந்தா, நாடித்துடிப்பு இறங்கினா, சிசேரியன்தான் ரெண்டு உயிரையும் காப்பாத்துது. நம்ம ஊர்ல பிரசவத்துல சாகற தாய்மாருங்க எண்ணிக்கை இவ்வளவு குறைஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம். பிரச்சனை அளவுதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல இந்தியா முழுக்க சிசேரியன் 21.5 சதவீதம், தமிழ்நாட்ல 44.9. நம்ம ஊரு தனியார் ஆஸ்பத்திரியை மட்டும் எடுத்தா 63.8. உலக சுகாதார அமைப்பு 2015ல சொன்னது, ஒரு நாட்டுல 10 சதவீதத்துக்கு மேல போறதால சாவு எண்ணிக்கை ஒண்ணும் குறையறதில்லைன்னு. இந்த 63ல நல்ல நேரம் எவ்வளவு, டாக்டரோட சௌகரியம் எவ்வளவு, பில்லு எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ற கணக்கு யாருகிட்டயும் இல்ல, மூணும் ஒண்ணுக்கொண்ணு நல்லாவே ஒத்துப்போகுது. "எல்லாரும் கேக்கறாங்க, பண்ணிக்கலாம்"னு உங்க ஆஸ்பத்திரி சொன்னதுதான் எனக்கு ஜோசியர் சொன்னதை விட கோவம் வருது. ஜோசியர் அவரு தொழிலை பண்றாரு. எங்க தொழில் என்ன?

பாட்டி காலத்துல இது இவ்வளவு மோசமா இல்ல

யோசிச்சு பாருங்க, அப்ப குழந்தை பொறந்ததுக்கு அப்பறம்தான் நட்சத்திரம் பாத்தாங்க. ஆயில்யம்னா கொஞ்சம் மொணகுவாங்க, கோயிலுக்கு போய் ஒரு பரிகாரம், அதோட முடிஞ்சது. நட்சத்திரத்தை தேர்ந்தெடுக்கற சக்தி யாருக்கும் இல்ல. அந்த சக்தியை குடுத்தது மயக்க மருந்தும் ஆன்டிபயாடிக்கும் நாங்களும்தான். அறிவியல் வளர வளர மூடநம்பிக்கை தானா ஓடிரும்னு நம்ம பள்ளிக்கூட புத்தகம் சொல்லுச்சு, நடந்தது என்னன்னா அறிவியல் கருவியை எல்லாம் வாடகைக்கு எடுத்துக்கிட்டு அது நாலாவது மாடி ஆபரேஷன் தியேட்டருக்கே லிஃப்ட்ல ஏறி வந்துருச்சு. படிப்பறிவு இல்லாதவங்க பிரச்சனைன்னு நெனைச்சா அதுவும் இல்ல, உங்க வீட்ல ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினது யாரு? அரசாங்கமே அப்படித்தான். அறிவியல் மனப்பான்மையை வளர்க்கறது ஒவ்வொரு குடிமகனோட கடமைன்னு 1976ல அரசியல் சாசனத்துல சேர்த்துட்டு, 2001ல யுஜிசிங்கற பல்கலைக்கழக மானியக் குழு மூலமா காலேஜ்ல ஜோதிடத்தை பாடமா கொண்டு வந்தாங்க. அதை எதிர்த்து ஐதராபாத் விஞ்ஞானி பி.எம்.பார்கவா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, 2004ல தோத்தாரு. 2021ல இக்னோங்கற மத்திய அரசு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல எம்.ஏ. ஜோதிஷே வந்துருச்சு. பெரியார் மண்ணுன்னு நாம சொல்லிக்கறோம், இங்க பிரசவத்துக்கு முகூர்த்தம் பாக்கறது ஒரு சர்வீஸாவே ஆயிருச்சு.

கையெழுத்து யாரோடது?

உங்களோடது மட்டும்தான். 18 வயசு தாண்டி, புத்தி தெளிவா இருக்கற ஒருத்தரோட ஆபரேஷனுக்கு அவங்க சம்மதம்தான் சம்மதம். 2008ல சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல இதை ரொம்ப தெளிவா சொல்லுச்சு. அதுல மயக்கத்துல இருந்த பொண்ணுக்கு பதிலா அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கி ஆபரேஷன் பண்ணியிருந்தாங்க, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்ப அது செல்லாதுன்னு தீர்ப்பு. பெத்த அம்மா சம்மதமே செல்லாதுன்னா வீட்டுக்காரர், மாமியார் எல்லாம் அப்பறம். ஆஸ்பத்திரில வீட்டுக்காரர்கிட்டயும் கையெழுத்து வாங்குவாங்க, அது வழக்கம், உங்க கையெழுத்துக்கு பதில் ஆகாது. ஏற்கனவே போட்டிருந்தாலும் மயக்க ஊசி போடற வரைக்கும் "வேண்டாம்"னு சொல்லலாம்.

ஆனா சட்டத்தை தூக்கிக்கிட்டு போய் வீட்ல சண்டை போடுங்கன்னு நான் சொல்லல. அது கடைசி கதவு, இருக்குன்னு தெரிஞ்சா போதும்.

அடுத்த ரெண்டு வாரத்துல என்ன பண்ணலாம்

மொதல்ல வீட்டுக்காரர்கிட்ட தனியா பேசுங்க, அத்தை இல்லாதப்ப. "உங்க அம்மா நம்பிக்கை தப்பு"ன்னு ஆரம்பிச்சா அங்கேயே முடிஞ்சுரும். "37ல எடுத்தா குழந்தைக்கு மூச்சு பிரச்சனை வர்ற வாய்ப்பு 39ஐ விட அஞ்சு மடங்கு"ன்னு ஆரம்பிங்க. அவரு குழந்தை மேல அவருக்கு இருக்கற பயம், ஜோசியர் குடுத்த பயத்தை விட பெருசாத்தான் இருக்கும். அடுத்த செக்கப்புக்கு லீவு போட்டு வர சொல்லி, டாக்டர்கிட்ட அவரு முன்னாடியே கேளுங்க: "எனக்கு சிசேரியன் பண்ண மருத்துவ காரணம் ஏதாவது இருக்கா? இருந்தா கேஸ் ஷீட்ல எழுதி குடுப்பீங்களா?" காரணமே இல்லாதப்ப முகூர்த்தம்னு எழுத எந்த டாக்டருக்கும் கை வராது. மழுப்பினா வேற டாக்டரை பாருங்க, பக்கத்துல இருக்கற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு உங்க ஃபைலை எடுத்துட்டு போனாலே ரெண்டாவது கருத்து கிடைச்சுரும்.

அத்தை விஷயம் வேற மாதிரி. அவங்களுக்கு நார்லிகரும் டென்மார்க்கும் வேண்டாம். அவங்க பயம் உண்மை, "இந்த குழந்தையால என் உயிருக்கு ஆபத்து"ன்னு ஒருத்தர் தலைல ஏத்திட்டா பாவம் அவங்களும் தூங்க மாட்டாங்க. அதனால, "அத்தை, ஆயில்யத்துல பொறக்க வாய்ப்பு 27ல ஒண்ணுதான், அப்படியே பொறந்தாலும் அதுக்கு பரிகாரம் இருக்குல்ல, சேர்ந்து போய் பண்ணிட்டு வரலாம்"னு சொல்லுங்க. கும்பகோணம் பக்கம் திருந்துதேவன்குடில கற்கடேஸ்வரர் கோயில் இருக்கு, ஆயில்யத்துக்கான கோயில்னே சொல்றாங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா அர்ச்சனை பண்ணினா யாருக்கும் தையல் போட வேண்டியதில்ல. அத்தைக்கு ஒரு முழு செக்கப்பும் பண்ணி விடுங்க, சுகர், பிபி, ஈசிஜி. அவங்க உடம்பை நெசமாவே எது பாதிக்கும்ங்கறது அதுலதான் தெரியும், மருமக நம்ம மேல அக்கறையா இருக்கான்னும் தோணும்.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னை சொல்லுவாங்க"ன்னு எழுதியிருக்கீங்க. சொல்லலாம். சொல்ற குடும்பம் எந்த நட்சத்திரத்துல பொறந்தாலும் சொல்லும், ஆயில்யம் இல்லன்னா ராசி, ராசி இல்லன்னா உங்க காலடி. அதை தடுக்க இன்னைக்கு நீங்க வயித்தை குடுத்தாலும் அது நிக்கப்போறதில்ல. அதே மாதிரி, 37ல எடுத்து குழந்தை என்ஐசியூக்கு போனா ஜோசியர் வந்து பில்லு கட்ட மாட்டாரு, அதையும் உங்க வீட்டுக்காரர் காதுல போட்டு வைங்க.

எவ்வளவு பேசியும் நடக்கல, மிரட்டறாங்க, இழுத்துட்டு போறாங்கன்னு ஆச்சுன்னா 181 பெண்கள் உதவி எண் இருக்கு. அப்பறம் அட்மிஷன் அப்ப டாக்டர்கிட்ட தனியா, நேரா, "எனக்கு சம்மதம் இல்ல"ன்னு ஒரு தடவை சொல்லுங்க, அதுக்கு மேல எந்த டாக்டரும் கத்தியை தொட மாட்டாங்க, தொடக்கூடாது.

நடுவழி ஏதாவது உண்டான்னு கேப்பீங்க. ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு மருத்துவ காரணத்துக்காகவே சிசேரியன்னு முடிவாகி, அவசரமும் இல்லைன்னு வச்சுக்கோங்க. 39 வாரம் தாண்டி, பகல் நேரத்துல, எல்லா டாக்டரும் இருக்கறப்ப "பத்தரைக்கு பதிலா பதினொன்னரைக்கு வச்சுக்கலாமா"ன்னு கேட்டா நானே சரின்னு சொல்லிருவேன், எங்க கொள்கை ஒண்ணும் அதுல செத்துப்போகாது. நேரத்துக்காக ஆபரேஷன் பண்றதுக்குத்தான் ஒத்துக்க மாட்டேன்.

இதுக்கு நேர் எதிரான ஆபத்து ஒண்ணு இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, சொல்லப்போனா முகூர்த்த சிசேரியனை விட எனக்கு அதுதான் பயம். குழந்தை நாடித்துடிப்பு இறங்குது, உடனே எடுக்கணும்னு நாங்க நிக்கறப்ப "ராகுகாலம் முடியட்டும் டாக்டர், அரை மணி நேரம்தானே"ன்னு வாசல்ல கெஞ்சறவங்க இருக்காங்க. அந்த அரை மணி நேரம் மூளைக்கு ஆக்சிஜன் போகலன்னா எந்த ஜாதகத்தாலயும் திருப்பி குடுக்க முடியாது. அதனால இப்பவே வீட்டுக்காரர்கிட்ட பேசி முடிவு பண்ணி வைங்க: குழந்தை அசைவு கொறஞ்சா, ரத்தம் பட்டா, தண்ணிக்குடம் ஒடைஞ்சா, தலைவலியோட கண்ணு மங்கினா, கை கால் மூஞ்சி திடீர்னு வீங்கினா, ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நாலரை மணியா இருந்தாலும் சரி, 108க்கு போன் பண்ணிட்டு கெளம்பிருங்க.